சேர்வர் ஃபேர்ம்வேர் அப்டேட்: மட்டக்களப்பு, அம்பாறை அலுவலகங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலும், காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் ஒரே ஒரு சேர்வரை நம்பி வேலை நடக்கும் இடங்கள் நிறைய. கூட்டுறவுச் சங்கம், மருந்தகம், அரிசி ஆலை, பாடசாலைக் கணினி அறை என்று எங்கும் அதைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒற்றை ஆள்தான். சேர்வரின் தாய்ப்பலகை பழுதானால் புதியது கொழும்பில் இருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வர வேண்டும். அப்டேட் பிழையாகப் போனதால் செத்த சேர்வர்களை நான் பார்த்தது குறைவு. பிழையாகிவிட்டது என்று பதறி, ஓடிக்கொண்டிருந்த வேலையின் நடுவில் கரண்டை நிறுத்தியதால் செத்தவையே அதிகம். கீழே உள்ள பதில்கள் அந்தப் பதற்றத்தைக் குறைப்பதற்காக எழுதியவை.

ஃபேர்ம்வேர் என்றால் பயோஸ்தானே?

ஃபேர்ம்வேர் என்பது ஒவ்வொரு பாகத்தின் சிப்பிலும் எழுதியிருக்கும் அடிப்படை மென்பொருள். சேர்வரைத் தொடக்கிவைக்கும் பயோஸ் அதில் ஒன்று மட்டும். தாய்ப்பலகையில், சேர்வரைத் தூரத்தில் இருந்தும் பார்த்துக் கட்டுப்படுத்த உதவும் பீஎம்சீ என்ற சின்னக் கணினி ஒன்று தனியாக இருக்கிறது. சேர்வரை நிறுத்தினாலும், வயர் செருகியிருக்கும் வரை அது விழித்திருக்கும். சேர்வர் தயாரிக்கும் கொம்பனிகளில் டெல் அதை ஐட்ராக் என்கிறது, எச்பீஈ ஐஎல்ஓ என்கிறது, லெனோவோ எக்ஸ்கிளாரிட்டி கொன்ட்ரோலர் என்கிறது. அப்புறம் பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் ரெயிட் கார்ட், நெட்வேர்க் கார்ட், ஒவ்வொரு டிஸ்க், சில மொடல்களில் பவர் சப்ளை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபேர்ம்வேர் உண்டு. யாராவது "அப்டேட் செய்தாச்சு" என்று சொன்னால், எதை என்று கேளுங்கள்.

நன்றாகத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கணும்?

2019 நவம்பரில் எச்பீஈ ஓர் அறிவித்தல் விட்டது. அவர்களுடைய சில எஸ்எஸ்டீ டிஸ்க்குகள் 32,768 மணித்தியாலம் ஓடியதும் செயலிழந்துவிடும், அதில் உள்ள தரவை மீட்கவும் முடியாது என்றது அது. கணக்குப் பார்த்தால் 3 வருடம், 270 நாள், 8 மணித்தியாலம். டிஸ்க்கின் உடலில் குறை எதுவும் இல்லை, குறை முழுவதும் ஃபேர்ம்வேரில்தான். நாம் சேர்வர் வாங்கும்போது நான்கு டிஸ்க்கையும் ஒரே நாளில்தான் போடுகிறோம். அப்படியானால் நான்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நின்றுவிடும். ஒன்று போனால் மற்றது தாங்கும் என்பதற்காக ரெயிட் போட்டோம், இந்த இடத்தில் ரெயிட்டால் எதுவும் செய்ய முடியாது. HPD8 என்று அடையாளமிட்ட ஃபேர்ம்வேரை, தமிழில் சொன்னால் எச்-பீ-டீ-8 ஐ, போட்டவர்கள் தப்பினார்கள். 2020 மார்ச்சில் 40,000 மணித்தியாலத்தில் நிற்கும் வேறு சில டிஸ்க்குகள் பற்றியும் இதே போல எச்சரிக்கை வந்தது. "நன்றாக ஓடுது" என்பது அந்த டிஸ்க்குகளுக்கும் கடைசி மணித்தியாலம் வரை உண்மையாகவே இருந்தது.

பாதுகாப்பு இன்னொரு காரணம். 2017 இல் ஐஎல்ஓ 4 இல் ஓர் ஓட்டை வெளிவந்தது. இணைப்புக் கோரிக்கையில் ஓர் இடத்தில் ஆங்கில 'ஏ' எழுத்தை 29 தடவை அனுப்பினால் பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே விட்டுவிடும். 2.53 பதிப்பில் அதை அடைத்தார்கள். 2025 மார்ச்சில், பல கொம்பனிகளின் பலகைகளில் இருக்கும் மெகாரேக் என்ற பீஎம்சீ மென்பொருளில் 10 க்கு 10 ஆபத்துப் புள்ளி பெற்ற ஓட்டை ஒன்று அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் புதியது வந்த அன்றே போட்டுவிடலாமா?

வேண்டாம். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற புரொசஸர் ஓட்டைக்காக அவசரமாக வந்த பயோஸ் அப்டேட்கள் பல சேர்வர்களைத் தாமாகவே ரீஸ்டார்ட் ஆக வைத்தன. அதே மாதம் 22 ஆம் திகதி இன்டெல், அவற்றைப் போடுவதை நிறுத்தச் சொன்னது. வெளியீட்டுக் குறிப்பில் டெல் 'அவசரம்', 'பரிந்துரை', 'விருப்பம்' என்று பிரித்திருக்கும், எச்பீஈயும் அதே மாதிரித்தான். 'அவசரம்' என்றிருந்தால் அந்த வாரமே நாள் குறியுங்கள். மற்றவற்றுக்கு ஓரிரு மாதம் பொறுத்தால் உலகத்தில் வேறு யாருக்காவது வந்த சிக்கல் அதற்குள் தெரிந்துவிடும்.

எந்த நாளில் செய்வது நல்லது?

போயா தினம் நல்ல நாள். அலுவலகம் பூட்டியிருக்கும், மறுநாளும் விடுமுறையாக வந்தால் இன்னும் நல்லது. அரிசி ஆலை என்றால் பெரும்போக அறுவடை முடிந்து நெல் வந்து குவியும் வாரங்களில் தொடவே வேண்டாம். கடைகள் என்றால் நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்திய நாட்களை விட்டுவிடுங்கள். நவம்பர், டிசம்பர் மழை நாட்களில் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, வெள்ளம் வந்தால் பாதையும் மூடும். அவசர அப்டேட் அல்லாத எதையும் அந்த மாதங்களுக்கு வைக்காதீர்கள்.

விடுமுறை நாள் என்பதால் கரண்ட் நிற்காது என்று எண்ணவும் கூடாது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை 11 மணியளவில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு பட்டதால் நாடு முழுவதும் இருளானது. அந்த நேரத்தில் யாராவது யூபீஎஸ் இல்லாமல் பயோஸ் எழுதிக்கொண்டிருந்திருந்தால் அவர்கள் நிலைமை என்ன?

ஆகவே முதல் நாளே யூபீஎஸ்ஸைச் சோதியுங்கள். சுவர்ப் பிளக்கைக் கழற்றி, சேர்வர் உண்மையான சுமையில் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று மணிக்கூட்டைப் பார்த்து அளவுங்கள். நம் பக்கத்துச் சூட்டில் பற்றரி சீக்கிரம் பலமிழக்கும், பச்சை விளக்கு எரிவதை மட்டும் நம்ப முடியாது. அரை மணித்தியாலம் கூடத் தாங்காவிட்டால் ஜெனரேட்டரையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பவர் சப்ளை உள்ள சேர்வரில் இரண்டையும் ஒரே யூபீஎஸ்ஸில் செருகியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஒன்றையாவது வேறு மூலத்துக்கு மாற்றுங்கள்.

தொடங்கும் முன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

பாக்கப் முதலில். எடுத்தது மட்டும் போதாது, அதில் இருந்து ஒரு கோப்பையாவது திருப்பி எடுத்துத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பிறகு பயோஸ் திரைகளை ஒவ்வொன்றாகப் ஃபோனில் படம் எடுங்கள். சேர்வர் தொடங்கும் முறை, அதாவது பூட் முறை, புதிய யூஈஎஃப்ஐயா பழைய லெகசியா, பூட் வரிசை என்ன, டிஸ்க் கொன்ட்ரோலர் எந்த முறையில் இருக்கிறது என்ற மூன்றும் கட்டாயம் வேண்டும். ரெயிட் அமைப்பு, எந்த டிஸ்க் எந்தக் குழியில், ஒவ்வொரு பாகத்தின் இப்போதைய பதிப்பு எண், சேர்வரின் அடையாள எண்ணான சேர்விஸ் டேக், பீஎம்சீயின் ஐபீ முகவரி, பாஸ்வேர்ட். இவற்றைத் தாளில் எழுதுங்கள். அந்தச் சேர்வருக்குள்ளேயே எக்செல் கோப்பாக வைத்திருந்தால் தேவைப்படும் நேரத்தில் திறக்க முடியாது.

விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டுத் தொடங்குங்கள். பயோஸ் மாறியதும் பாதுகாப்பு சிப் தரும் அளவீடு மாறும், அடுத்த பூட்டில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவியும் தாளில் இருக்கட்டும்.

எந்த வரிசையில்?

பொதுவாகப் பீஎம்சீ முதலில், அடுத்து பயோஸ், அதன் பிறகு ரெயிட், நெட்வேர்க் கார்ட், டிஸ்க். பழைய பீஎம்சீக்குப் புதிய அப்டேட் கோப்புகளைப் படிக்கவே தெரியாமல் இருக்கலாம் என்பதால்தான் அதை முதலில் வைக்கிறோம். பல வருடம் தொடாத சேர்வர் என்றால் நேரே கடைசிப் பதிப்புக்குத் தாவ விடமாட்டார்கள், இடையில் ஒரு பதிப்பில் நின்றுதான் போக வேண்டும். எது அந்த இடைப்பதிப்பு என்பது வெளியீட்டுக் குறிப்பில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரீஸ்டார்ட் செய்து, பதிப்பு எண் மாறியதை உறுதிப்படுத்திவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வரிசையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், எது பிழையாகப் போனது என்று பிறகு கண்டுபிடிப்பது பெரிய வேலை.

இங்கே இணையம் மெதுவு. தரவிறக்கும்போது நின்றுபோனால் சேர்வர் கெட்டுவிடுமா?

கெடாது. இதில் இரண்டு கட்டம் இருக்கிறது. கோப்பு பீஎம்சீக்குப் போய்ச் சேர்வது ஒன்று, அது சரிபார்க்கப்பட்டு சிப்பில் எழுதப்படுவது மற்றது. முதல் கட்டத்தில் இணைப்பு அறுந்தால் பழையது அப்படியே இருக்கும், திரும்ப அனுப்பினால் சரி. இரண்டாவது கட்டத்தில் கரண்ட் போனால்தான் ஆபத்து.

எச்பீஈயின் எல்லா ஃபேர்ம்வேரும் சேர்ந்த முழுத் தொகுப்பு பல ஜீபீ வரும். முதல் நாள் இரவே தரவிறக்கி, கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்ட, தளத்தில் கொடுத்துள்ள ஷா-256 எண்ணுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள். அப்டேட் நாளன்று வைஃபையை விட்டுவிட்டு, சேர்வர் பக்கத்தில் உட்கார்ந்து லான் வயரில் இணைத்துச் செய்யுங்கள்.

கோப்பை ஏற்க மாட்டேன் என்கிறது. கையொப்பம் சரியில்லை என்று பிழை வருகிறது.

கோப்பு பாதியில் அறுந்ததா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அடுத்து, மொடல் சரியா? ஒரே பெயரில் தலைமுறை மட்டும் வேறாக இருக்கும் சேர்வர்கள் உண்டு. சேர்விஸ் டேக்கைத் தளத்தில் கொடுத்துத் தேடினால் இந்தக் குழப்பம் வராது. மூன்றாவது, மேலே சொன்ன இடைப்பதிப்பு. நான்காவது பலரும் கவனிக்காதது: தாய்ப்பலகையின் சின்னப் பற்றரி தீர்ந்து, சேர்வர் தன் திகதியைப் பல வருடம் பின்னால் வைத்திருக்கலாம். அப்போது இணையத்தில் இருந்து நேரே எடுக்கும் அப்டேட்கள் சான்றிதழ் பிழை காட்டி நிற்கும். திகதியைத் திருத்தி, பற்றரியையும் மாற்றிவிடுங்கள், எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும் நாணய வடிவப் பற்றரிதான் அது.

டெல் சேர்வரில் அப்டேட் வரிசையிலேயே நிற்கிறது, ஓடவே இல்லை.

'திட்டமிடப்பட்டது' என்று காட்டினால் அது ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருக்கிறது, பழுது இல்லை. ரீஸ்டார்ட் செய்தும் அப்படியே இருந்தால் ஐட்ராக்கின் ஜொப் கியூ என்ற வேலை வரிசைப் பக்கத்தில் பழைய வேலைகளை அழித்துவிட்டு ஐட்ராக்கை ரீசெட் செய்யுங்கள். உள்ளே போகவே முடியாவிட்டால் முன்பக்கம் 'ஐ' எழுத்துள்ள பட்டனை 16 செக்கன் அழுத்திப் பிடித்தால் ஐட்ராக் ரீசெட் ஆகும். எச்பீஈயில் நீல விளக்குப் பட்டனை 5 முதல் 9 செக்கன் பிடித்தால் ஐஎல்ஓ மெதுவாக மறுபடி தொடங்கும், 10 செக்கனுக்கு மேல் என்றால் வலுக்கட்டாயமாக. இவை பீஎம்சீயை மட்டும் மறுதொடக்கம் செய்யும். கணக்கு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எழுதும் வேலை நடக்கும்போது இந்தப் பட்டன்களில் கை வைக்க வேண்டாம்.

அண்ணா, 40 சதவீதத்திலேயே நிற்குது, திரையும் கறுப்பு. ஓஃப் பண்ணவா?

வேண்டாம், தம்பி. இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

பயோஸ் எழுதும்போது சதவீதம் ஒரே இடத்தில் நிற்பது சாதாரணம். எழுதி முடிந்ததும் சேர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆகும், சில வேளை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. மெமரியைப் புதிதாக அளந்து பழக்கிக்கொள்ளும், மெமரி கூடுதலாக இருந்தால் அதற்கே நெடுநேரம் போகும். அந்த நேரத்தில் திரை கறுப்பாக இருக்கும், விசிறிகள் முழு வேகத்தில் கத்தும். பீஎம்சீ அப்டேட் என்றால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பக்கமே செத்துப்போகும், ஏனெனில் அந்தப் பக்கத்தைக் காட்டுவது அதே பீஎம்சீதான். பிரவுசரில் உறைந்து நிற்கும் '40%' பழைய படமாகக்கூட இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறியுங்கள். வேறொரு கணினியில் இருந்து பீஎம்சீயின் ஐபீக்குப் பிங் போட்டு, அது பதில் தருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் புதிய பிரவுசர் ஜன்னலில் திறந்து, நடந்ததைப் பதிந்து வைக்கும் லொக்கைப் படியுங்கள், கடைசி வரி எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் புதிய வரிகள் வந்துகொண்டிருந்தால் வேலை நடக்கிறது. எதுவும் வராவிட்டாலும் முழுதாக ஒரு மணித்தியாலம் விடுங்கள். முதலாளி பின்னால் நின்று கேட்டால், முதலே இரண்டு மணித்தியாலம் என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். நேரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டு அந்த அவசரத்தில் பட்டனை அழுத்தும் நிலைக்கு உங்களை நீங்களே கொண்டுபோகாதீர்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது. ஒரு அசைவும் இல்லை.

இப்போது கை வைக்கலாம். சேர்வரை நிறுத்தி, இரண்டு பவர் வயரையும் கழற்றி, பவர் பட்டனை 20 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வெளியேறும். சில நிமிடம் விட்டு வயரைச் செருகுங்கள், ஆனால் உடனே ஓன் செய்யாமல் பீஎம்சீ எழும்ப ஐந்து நிமிடம் கொடுங்கள். செத்தது என்று நினைத்த பல சேர்வர்கள் இதிலேயே எழும்பிவிடும்.

எழும்பாவிட்டால் பீஎம்சீ உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சேர்வர் பூட் ஆகாத நிலையிலும் அதன் வழியாகவே பயோஸை மறுபடி எழுதலாம். எச்பீஈயின் புரோலயன்ட் சேர்வர்களில் பயோஸின் இன்னொரு பிரதி சிப்பில் இருக்கும், ஒன்று கெட்டால் மற்றதற்கு மாறும். சூப்பர்மைக்ரோ பலகைகளில் பயோஸ் கோப்புக்கு 'சூப்பர் டொட் ரொம்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு, ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் ட்ரைவில் போட்டு, தொடங்கும்போது கன்ட்ரோல், ஹோம் கீகளை அழுத்தினால் மீட்பு முறை வரும். இதுவும் இல்லையென்றால் பலகையில் உள்ள ஜம்பர் என்ற சின்ன இணைப்பால் பயோஸ் அமைப்பை அழித்து, ஒரு புரொசஸர், ஒரு ரேம், வேறு எந்தக் கார்டும் இல்லாமல் ஓன் செய்து பாருங்கள்.

எழும்பிவிட்டது, ஆனால் பூட் டிஸ்க் இல்லை என்கிறது. தரவு போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. அப்டேட்டிலோ ஜம்பரிலோ பயோஸ் அமைப்பு ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கும். யூஈஎஃப்ஐயில் நிறுவிய விண்டோஸை லெகசி முறையில் தேடினால் கிடைக்காது. முதலில் எடுத்த படங்களைப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி வையுங்கள்.

ரெயிட் கார்ட் 'வேற்று அமைப்பு' என்று, அதாவது ஃபொரின் கொன்ஃபிகரேஷன் என்று காட்டினால் இன்னும் கவனம் வேண்டும். டிஸ்க்குகளில் உள்ள ரெயிட் விவரத்தைக் கார்ட் தன்னுடையதாக அடையாளம் காணவில்லை என்பதுதான் அதன் பொருள். அங்கே 'இறக்குமதி' என்ற தெரிவு ஒன்றும் 'அழி' என்ற தெரிவு ஒன்றும் இருக்கும். எல்லா டிஸ்க்கும் அதே குழிகளில் இருப்பதைப் பார்த்துவிட்டு இறக்குமதி செய்யுங்கள். அழி என்பதையும், 'இனிஷியலைஸ்' என்பதையும் எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தக்கூடாது. கூட்டுறவுச் சங்கத்தின் பத்து வருட அங்கத்தவர் கணக்கு அந்த ஒரு அழுத்தில் போகும். ஒரு டிஸ்க் ஏற்கெனவே பழுதான ரெயிட்டில் ஃபேர்ம்வேர் அப்டேட்டைத் தொடங்கவே வேண்டாம். முதலில் டிஸ்க்கை மாற்றி, மற்ற டிஸ்க்குகளில் இருந்து தரவு அதில் நிரம்பி முடியட்டும்.

சேர்வர் ஓடுது, பீஎம்சீ மட்டும் கிடைக்கவில்லை.

அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம். ரீசெட்டில் நிலையான ஐபீ போய் ரூட்டர் கொடுத்த வேறு ஐபீ வந்திருக்கும், அல்லது பீஎம்சீக்கான தனி நெட்வேர்க் போர்ட்டில் இருந்தது பொதுப் போர்ட்டுக்கு மாறியிருக்கும். ரூட்டரின் பட்டியலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த விடுமுறையில் வயரைக் கழற்றி மேலே சொன்னபடி செய்யலாம்.

பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா?

டெல்லில் ரோல்பேக் என்ற தெரிவு முந்திய பதிப்பை வைத்திருக்கும். ஆனால் பாதுகாப்பு ஓட்டை அடைத்த சில பதிப்புகளில் இருந்து கீழே இறங்க விடமாட்டார்கள். அதையும் வெளியீட்டுக் குறிப்பில் தொடங்கும் முன்பே படிக்க வேண்டும்.

பாவித்த சேர்வர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

சிறிய இடங்களுக்கு அது நல்ல வழிதான், நானே பலருக்குச் சிபாரிசு செய்கிறேன். ஆனால் எச்பீஈயின் பயோஸையும் முழுத் தொகுப்பையும் தரவிறக்க 2014 இல் இருந்து வாரண்டியோ சேவை ஒப்பந்தமோ தேவை. டெல்லில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நம் ஊரில் ஒரே ஆளாகச் சமாளிப்பவருக்கு விலை வித்தியாசத்தை விட இது பெரிய வித்தியாசம். ஒப்பந்தம் இல்லை என்பதற்காக, தெரியாத தளங்களில் இருந்து ஃபேர்ம்வேர் எடுக்க வேண்டாம். வாங்கியதும் பீஎம்சீயின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பழைய டெல், சூப்பர்மைக்ரோ மொடல்களின் ஆரம்பப் பாஸ்வேர்ட் உலகத்துக்கே தெரியும்.

மச்சான் கனடாவில் ஐடீ வேலை. அங்கிருந்து பார்க்கட்டும் என்று ஐஎல்ஓவை இணையத்தில் திறந்து விடலாமா?

கட்டாயம் கூடாது. 29 'ஏ' எழுத்துக் கதையை மேலே சொன்னேன். பீஎம்சீயைப் பிடித்தவர் விண்டோஸ் பாஸ்வேர்ட் எதுவும் இல்லாமல் சேர்வரையே நிறுத்தலாம், அழிக்கலாம். 2021 டிசம்பரில், ஐஎல்ஓவின் ஃபேர்ம்வேருக்குள்ளேயே ஒளிந்துகொண்டு, அப்டேட் நடந்தது போலப் பொய்யாகக் காட்டிய ஒரு தீநிரல் பற்றிய அறிக்கை வெளியானது. மச்சான் உதவட்டும், ஆனால் வீபீஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக வரட்டும்.

எப்போது கொம்பனிக்கு அழைக்க வேண்டும்?

மின்சாரத்தை வெளியேற்றியும், பீஎம்சீ வழியாக எழுதியும், மீட்பு முறையிலும் எழும்பாவிட்டால் அழையுங்கள். சேர்விஸ் டேக், எந்தப் பதிப்பில் இருந்து எந்தப் பதிப்புக்குப் போனீர்கள், எத்தனை மணிக்கு நின்றது, முன்பக்க விளக்குகளின் படம் எல்லாவற்றையும் முதல் அழைப்பிலேயே கொடுங்கள். பீஎம்சீ திறந்தால் டெல்லில் சப்போர்ட்அசிஸ்ட் தொகுப்பையும், எச்பீஈயில் ஆக்டிவ் ஹெல்த் லொக்கையும் எடுத்து அனுப்புங்கள். இவை இருந்தால் வருபவர் சரியான பலகையோடு வருவார்.

பலகை மாற்றியதும் டெல் சேர்வர் முதல் தடவை தொடங்கும்போது, சேமித்து வைத்த சேர்விஸ் டேக்கையும் லைசன்ஸையும் பயோஸ் அமைப்பையும் திருப்பிப் போடவா என்று கேட்கும். ஆம் என்று கொடுங்கள். புதிய பலகையில் வரும் ஃபேர்ம்வேர் பதிப்பு உங்கள் தாளில் எழுதியதை விடப் பழையதாக இருக்கலாம், வந்தவர் கிளம்பும் முன் ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.